பன்னிரண்டு குடுவைகள், கால் மில்லிகிராம் சர்க்கரை: பாக்டீரியா பெருகுவதைக் காட்டும் ஒரு நிகழ்வு ஆய்வு

பாக்டீரியா எவ்வாறு பெருகுகிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே வரியில் விடை கிடைக்கிறது: ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், ஒவ்வொரு முறைக்கும் இருபது நிமிடம் போதும். இந்த விடையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இது பாதி விடைதான். கணக்கில் சற்று ஆர்வமுள்ள பிள்ளை ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒற்றைச் செல், ஒரு நாளில் 72 முறை இரட்டித்து, ஏறத்தாழ 4,700 டன் எடையுள்ள பாக்டீரியாத் திரளாகிவிடும் என்பதைக் காணும். இரண்டாம் நாள் முடிவில் அத்திரளின் எடை பூமியின் எடையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு ஆகிவிடும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பது நம் கண்ணெதிரே தெரிகிறது. ஆகவே பெருக்கம் எப்படி நடக்கிறது என்று சொல்லித்தரும்போதே, அது எங்கே, எதனால் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே இடத்தில் காட்டுவதற்கு, அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை தொடரும் ஒரு சோதனையை விடப் பொருத்தமான நிகழ்வு வேறில்லை.

குடுவைக்குள் இருந்தவை

1988 பிப்ரவரி 24ஆம் நாள், இர்வைனில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி பன்னிரண்டு சிறிய கண்ணாடிக் குடுவைகளில் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். மனிதர்களுடைய குடலிலும் விலங்குகளுடைய குடலிலும் இயல்பாக வாழும் இனம் இது. இதில் நோய் தரும் வகைகளும் உண்டு. ஆனால் லென்ஸ்கி எடுத்துக்கொண்டது ஆய்வகங்களில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டுவந்த, தீங்கற்ற ஒரு வகை. பன்னிரண்டு குடுவைகளில் இருந்தவையும் ஏறக்குறைய ஒரே மாதிரியான செல்களின் வழிவந்தவை. ஒரே ஒரு வேறுபாடு மட்டும் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஆறு குடுவைகளில் இருந்தவற்றால் அராபினோஸ் என்னும் சர்க்கரையைப் பயன்படுத்த முடியும், மற்ற ஆறில் இருந்தவற்றால் முடியாது. ஒரு தனிவகை ஊட்டக்கூழில் வளர்த்தால் முதல் வகை வெண்மையான புள்ளிகளாகவும் இரண்டாம் வகை சிவப்பான புள்ளிகளாகவும் தெரியும். சாதாரணமாகத் தோன்றும் இந்த நிற வேறுபாடு பிற்பாடு எவ்வளவு பயன்பட்டது என்பதைக் கீழே பார்ப்போம்.

ஒவ்வொரு குடுவையிலும் 10 மில்லிலிட்டர் திரவம் இருந்தது. அதில் சில உப்புகளும், உணவாக மிகக் குறைந்த அளவு குளுக்கோசும் கரைக்கப்பட்டிருந்தன: லிட்டருக்கு 25 மில்லிகிராம், அதாவது ஒரு குடுவைக்குக் கால் மில்லிகிராம். சமையலறைச் சீனியில் மிகச் சிறிய மணி ஒன்றை எடுத்தால் ஏறத்தாழ அவ்வளவு எடை இருக்கும். குடுவைகள் நம் உடலின் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியசில் வைக்கப்பட்டன; காற்று நன்கு கலக்கும்படி நாள் முழுவதும் ஆட்டப்பட்டுக்கொண்டே இருந்தன.

இனி நாள்தோறும் செய்யும் வேலை. பிப்பெட் என்னும் அளவுக் குழாயால் நேற்றைய குடுவையிலிருந்து 0.1 மில்லிலிட்டரை மட்டும் எடுத்து, புதிய உணவுத் திரவம் 9.9 மில்லிலிட்டர் உள்ள மற்றொரு குடுவையில் விட வேண்டும். நூற்றில் ஒரு பங்கு மட்டும் அடுத்த நாளுக்குப் போகிறது. மறுநாளும் இதே வேலை. அதற்கு மறுநாளும் இதே வேலை. விடுமுறை நாள்களிலும் யாராவது ஒருவர் வந்து இதைச் செய்தாக வேண்டும் என்பதைத் தவிர இதில் சிக்கலான கருவியோ பெருஞ்செலவோ கிடையாது.

ஒரு செல் இரண்டாவது எப்படி

குடுவையில் உள்ள ஈ. கோலை செல் ஒரு சிறு கோல் வடிவில் இருக்கும். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுதான். அது குளுக்கோசை உள்ளே இழுத்து, ஆற்றலாகவும் உடலைக் கட்டும் பொருளாகவும் மாற்றிக்கொள்கிறது. செல் பருமனில் அதிகம் மாறாமல் நீளவாக்கில் வளர்கிறது. அதற்குள்ளே மரபுச் செய்தியைத் தாங்கி இருக்கும் டிஎன்ஏ ஒரு முடிவற்ற வளையம். அதில் எழுத்துகள் எனப்படும் வேதி அலகுகள் சுமார் 46 லட்சம் இருக்கின்றன, நீட்டி வைத்தால் செல்லின் நீளத்தைப் போல எழுநூறு மடங்குக்கும் மேல் வரும். இந்த வளையத்தைப் படியெடுக்கும் புரதங்கள் இரு அணிகளாகி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கி இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அணி ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள் வீதம் படியெடுத்துக்கொண்டே போய், சுமார் 40 நிமிடத்தில் இரு அணிகளும் எதிர்ப்பக்கத்தில் சந்திக்கின்றன. இப்போது செல்லுக்குள் இரண்டு வளையங்கள் உள்ளன. அவை எதிரெதிர் முனைகளை நோக்கி விலகுகின்றன. செல்லின் நடுவில் ஒருவகைப் புரதம் வளையம்போல் கூடி, அங்கே புதிய சுவர் எழும்பவேண்டிய இடத்தைக் குறிக்கிறது. சுவர் உள்நோக்கி வளர்ந்து மூடிக்கொண்டதும் செல் இரண்டாகப் பிரிகிறது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் தடை எழுப்பலாம். படியெடுக்கவே 40 நிமிடம் ஆகும் என்றால், இருபது நிமிடத்தில் செல் எப்படி இரட்டிக்கும்? நல்ல சத்துள்ள திரவத்தில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பது உண்மைதான். முதல் படி முடிவதற்குள்ளாகவே அடுத்த படியெடுப்பையும் செல் தொடங்கிவிடுகிறது என்பதே இதற்கு விடை. அதாவது வேகமாக வளரும் செல், தன் பிள்ளைகளுக்கு வேண்டிய டிஎன்ஏவை மட்டுமன்றிப் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியதையும் முன்கூட்டியே எழுதத் தொடங்கிவிடுகிறது. லென்ஸ்கியின் குடுவையில் அத்தகைய செழிப்பு இல்லை. அங்கே தொடக்ககாலச் செல்கள் ஒருமுறை இரட்டிக்கச் சுமார் 55 நிமிடம் எடுத்துக்கொண்டன.

தாய் எது, பிள்ளை எது என்ற கேள்வியும் வகுப்பறையில் எழுவது வழக்கம். பிளவுக்குப் பிறகு பழைய செல் என்று தனியே ஒன்று மிஞ்சுவதில்லை. இரண்டுமே புதியவை, இரண்டுமே அடுத்த பிளவுக்கு வளரத் தொடங்குகின்றன. அதனால்தான் அறிவியலாளர்கள் ஒரு இரட்டிப்பையே ஒரு தலைமுறை என்று எண்ணுகிறார்கள்.

குடுவையின் ஒரு நாள்

புதிய திரவத்தில் விடப்படும்போது ஒரு குடுவையில் ஏறத்தாழ 50 லட்சம் செல்கள் இருக்கும். அவை உடனே பெருகத் தொடங்குவதில்லை. முந்தைய நாள் உணவு தீர்ந்ததும் புரதம் செய்யும் ரைபோசோம்களைக் குறைத்துக்கொண்டு, செலவைச் சுருக்கிக் கிடந்த செல்கள் அவை. உணவு கிடைத்த பிறகு அந்த உள்வேலைகளையெல்லாம் மறுபடி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வெளியே எண்ணிக்கையில் மாற்றமே தெரியாத இந்த ஆயத்த நிலையில், செல்லின் உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது.

அடுத்து வருவது பெருக்க நிலை. 50 லட்சம் ஒரு கோடியாகும், ஒரு கோடி இரண்டு கோடியாகும், இரண்டு நான்காகும். பாடப்புத்தகங்கள் சொல்லும் இரட்டிப்பு நடப்பது இந்த இடைவேளையில் மட்டுமே. எவ்வளவு நேரம் இது நீடிக்கிறது என்பதை நாமே கணக்கிட்டுவிடலாம். நூற்றில் ஒரு பங்கைத்தான் புதிய குடுவைக்கு மாற்றினார்கள் என்பதால், பழைய எண்ணிக்கையை எட்ட செல்கள் நூறு மடங்கு பெருக வேண்டும். ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு, ஏழு முறை இரட்டித்தால் 128 மடங்கு. நூறு இவ்விரண்டுக்கும் இடையில் வருகிறது. துல்லியமாகச் சொன்னால் 6.64 இரட்டிப்புகள். ஒவ்வொன்றுக்கும் 55 நிமிடம் என்றால் மொத்தம் ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். ஆயத்த நிலையையும் சேர்த்துக்கொண்டாலும் நாளின் பெரும்பகுதி மீதி இருக்கிறது.

அந்த மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த நிகழ்வில் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் என்று எனக்குப் படுகிறது. குளுக்கோஸ் தீர்ந்துபோகிறது. எண்ணிக்கை ஏறத்தாழ 50 கோடியை எட்டியதும் வரைபடத்தில் ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிடுகிறது. இதைத் தேக்க நிலை என்பார்கள். பெருக்கம் தடையின்றி 24 மணி நேரமும் தொடர்ந்திருந்தால் 26 இரட்டிப்புகள் நடந்து, அந்தப் பத்து மில்லிலிட்டர் குடுவைக்குள் முந்நூறு கிராமுக்கும் மேல் பாக்டீரியா இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான், அதிலும் பெரும்பகுதி தண்ணீர். கால் மில்லிகிராம் சர்க்கரையைக் கொண்டு அதற்கு மேல் உடல் கட்ட முடியாது. பாக்டீரியா களைத்துப்போவதால் பெருக்கம் நிற்பதில்லை. இடம் போதாமையும் இங்கே காரணம் அன்று. சர்க்கரையை இரண்டு மடங்காக்கினால், இந்தக் குறைந்த அளவுகளில், செல்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

இந்த நிலையில் செல்கள் செத்துவிடுகின்றனவா என்று கேட்டால், இல்லை. பெரும்பாலானவை உயிரோடு காத்திருக்கின்றன. புதிய உணவே தராமல் பல நாள்கள் விட்டுவிட்டால் சிறிது சிறிதாக இறக்கத் தொடங்கும். ஆனால் இச்சோதனையில் 24 மணி நேரம் முடிந்ததும் மாற்றிவிடுவதால் அந்த நான்காம் கட்டம் ஏறக்குறைய வருவதே இல்லை.

கண்ணுக்குத் தெரியாதவற்றை எண்ணியது எப்படி

50 கோடி என்ற எண்ணை யாரும் உட்கார்ந்து எண்ணிச் சொல்லவில்லை. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, அது பாக்டீரியாவின் பெருக்கத்தையே பயன்படுத்திக்கொள்ளும் வழி. குடுவைத் திரவத்தை இருமுறை நூறு மடங்கும் ஒருமுறை பத்து மடங்கும் நீர்க்கச் செய்தால் மொத்தம் ஒரு லட்சம் மடங்கு நீர்த்துவிடும். அதில் 0.1 மில்லிலிட்டரை ஊட்டச்சத்துள்ள அகார் கூழின் மேல் பரப்பி ஓரிரவு வைக்கிறார்கள். தனித்தனியே விழுந்த ஒவ்வொரு செல்லும் விழுந்த இடத்திலேயே பெருகுகிறது. 24 முறை இரட்டித்தால் ஒரு கோடியே 67 லட்சம் செல்கள், அது கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு புள்ளி. இதைக் காலனி என்கிறோம். தட்டில் 50 புள்ளிகள் தெரிந்தால், அந்தச் சிறு அளவில் 50 செல்கள் இருந்தன என்று பொருள். பத்தாலும் ஒரு லட்சத்தாலும் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 5 கோடி, பத்து மில்லிலிட்டருக்கு 50 கோடி. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் கணக்குக்கு மேல் இதில் எதுவும் தேவைப்படவில்லை.

நிறப் புள்ளிகள் பயன்பட்ட இடமும் இதுவே. சிவப்புக் குடுவையையும் வெள்ளைக் குடுவையையும் மாற்றி மாற்றி வைத்து நிரப்பியதால், ஒன்றிலிருந்து ஒரு துளி தவறி அடுத்ததில் விழுந்தாலும், தட்டில் வேறு நிறம் தலைகாட்டி விஷயத்தைச் சொல்லிவிடும். அதோடு, இரு கூட்டங்களைச் சரிபாதியாகக் கலந்து ஒரு நாள் வளரவிட்டு, மறுநாள் சிவப்பு எத்தனை, வெள்ளை எத்தனை என்று எண்ணினால், எது வேகமாகப் பெருகியது என்பதும் தெரிந்துவிடும்.

ஆயிரக்கணக்கான தலைமுறைகளுக்குப் பிறகு

நாளொன்றுக்கு 6.64 தலைமுறை என்றால் 75 நாளில் 500 தலைமுறைகள். ஒவ்வொரு 500 தலைமுறைக்கும் ஒருமுறை, ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்து, கிளிசரால் சேர்த்து, மைனஸ் 80 டிகிரி செல்சியசில் உறையவைத்துவிடுகிறார்கள். உறைந்த பாக்டீரியா இறந்துவிடுவதில்லை. உருக்கி உணவு கொடுத்தால் மறுபடி பெருகும். ஆகவே கொள்ளுப்பேரனின் கொள்ளுப்பேரனை அவனுடைய மூதாதையோடு ஒரே குடுவையில் போட்டியிட வைக்கும் வாய்ப்பு இங்கே உண்டு. பெரும்பாலான விலங்குகளிடம் இதைச் செய்து பார்க்க முடியாது.

அவ்வாறு போட்டியிட வைத்ததில் தெரியவந்தது தெளிவானது. பன்னிரண்டு குடுவைகளிலும் பிற்காலச் செல்கள் மூதாதையரை விஞ்சின. டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது மிக அரிதாக எழுத்துப்பிழைகள் நேர்கின்றன. ஆயிரம் செல்களில் ஒன்றுக்குக்கூட வருவதில்லை. ஆனால் ஒரு குடுவையில் ஒரே நாளில் 50 கோடி புதிய செல்கள் உருவாவதால், அரிதான பிழையும் லட்சக்கணக்கில் நேர்ந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றால் பயனில்லை, சில கெடுதலானவை. என்றாவது ஒன்று செல்லின் ஆயத்த நிலையைச் சற்றுக் குறைத்தாலோ இரட்டிப்பைச் சற்று விரைவுபடுத்தினாலோ, கால் மில்லிகிராம் சர்க்கரையில் அந்தச் செல்லின் வழித்தோன்றல்களுக்கு அதிகப் பங்கு கிடைக்கிறது. மறுநாள் மாற்றப்படும் நூற்றில் ஒரு பங்கில் அவையே கூடுதலாக இடம்பெறுகின்றன. 50,000 தலைமுறைகளில் இரட்டிப்புக் காலம் 55 நிமிடத்திலிருந்து சுமார் 40 நிமிடமாகக் குறைந்தது. ஆயத்த நிலையும் சுருங்கியது. செல்கள் பருத்தன, எனவே ஒரு குடுவையில் அவற்றின் எண்ணிக்கை முன்னைவிடக் குறைந்தது. சர்க்கரை அதே அளவுதான் என்பதை நினைவில் வைத்தால் இதில் வியப்பில்லை. வேகம் கூடும் வீதம் போகப்போகக் குறைந்தாலும் முற்றிலும் நின்றுவிடவில்லை என்பதை லென்ஸ்கியின் குழு 2013ஆம் ஆண்டு வெளியிட்டது.

ஒரு குடுவை கலங்கிய கதை

2003 ஜனவரியில் டிம் கூப்பர் என்னும் ஆய்வாளர் வழக்கமான மாற்றத்தைச் செய்யும்போது, ஒரு குடுவை மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் கலங்கியிருந்ததைக் கண்டார். திரவம் கலங்குவதற்குப் பொருள், அதில் செல்கள் மிகுந்துவிட்டன என்பதே. வெளியிலிருந்து வேறு ஏதோ பாக்டீரியா புகுந்துவிட்டது என்றுதான் முதலில் ஐயப்பட்டார்கள். எந்த ஆய்வகத்திலும் அப்படித்தான் ஐயப்பட வேண்டும். மரபணு அடையாளங்களைச் சோதித்தபோது அவை வேற்றார் அல்லர், அதே குடுவையின் வழிவந்த ஈ. கோலையே என்று உறுதியாயிற்று.

கால் மில்லிகிராம் சர்க்கரையில் கட்ட முடியாத எண்ணிக்கை எப்படி வந்தது? திரவத்தில் குளுக்கோசைத் தவிர சிட்ரேட் என்னும் பொருளும் தொடக்கம் முதலே இருந்தது. எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தின் உறவினம் அது. இரும்பைச் செல்கள் எளிதாகப் பெற உதவும் என்பதற்காகவே அதைச் சேர்த்திருந்தார்கள். காற்று இருக்கும் இடத்தில் ஈ. கோலையால் சிட்ரேட்டை உண்ண முடியாது என்பது அந்த இனத்தையே அடையாளம் காணப் பயன்படும் அளவுக்கு நன்கறிந்த செய்தி. அந்த ஒரு குடுவையில், ஏறத்தாழ 31,500ஆவது தலைமுறையில், அதை உண்ணும் திறன் தோன்றிவிட்டது. குளுக்கோசைவிடப் பல மடங்கு அதிகமாக, இத்தனை ஆண்டுகளும் தீண்டப்படாமலிருந்த உணவு திடீரென்று கைக்கு எட்டியதும், எண்ணிக்கையின் உச்சவரம்பும் உயர்ந்தது.

சக்கரி பிளவுன்ட் என்னும் ஆய்வாளர் உறைபெட்டியிலிருந்த பழைய தலைமுறைகளை எழுப்பி, பல லட்சம் கோடிச் செல்களில் இந்தத் திறன் மறுபடி தோன்றுகிறதா என்று தேடினார். 20,000ஆவது தலைமுறைக்குப் பிந்தையவற்றில் மட்டுமே அது மீண்டும் தோன்றியது. ஏற்கெனவே நேர்ந்திருந்த ஏதோ மாற்றம் வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று அவரும் கிறிஸ்டினா போர்லண்டும் லென்ஸ்கியும் 2008இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டனர். 2012இல் டிஎன்ஏவை முழுமையாகப் படித்தபோது நடந்தது விளங்கியது. சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணு மூதாதையிடமே இருந்தது. ஆனால் காற்றில்லாத இடத்தில் மட்டுமே அது இயங்கும். படியெடுக்கும்போது நேர்ந்த பிழையால் அந்தப் பகுதி இருமுறை எழுதப்பட்டு, இரண்டாம் பிரதி, காற்றுள்ள இடத்திலும் மரபணுவை இயங்கவைக்கும் ஒரு டிஎன்ஏ விசைக்கு (சுவிட்சுக்கு) அருகில் போய் அமர்ந்துவிட்டது. பின்னர் நேர்ந்த வேறு மாற்றங்கள் அத்திறனைச் செம்மையாக்கின. மற்ற பதினோரு குடுவைகளில் இது நிகழவில்லை.

சோதனையின் இன்றைய நிலை

1990களின் தொடக்கத்தில் குடுவைகள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு லென்ஸ்கியோடு இடம்பெயர்ந்தன. அங்கே பல ஆண்டுகள் அன்றாட மாற்றங்கள் தவறாமல் நடந்ததில் ஆய்வகப் பொறுப்பாளர் நீர்ஜா ஹஜேலாவின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றால் ஆய்வகம் மூடப்பட்டபோது, பன்னிரண்டையும் உறையவைத்து, நிலைமை சீரானபின் உருக்கித் தொடர்ந்தார்கள். 75,000 தலைமுறைகளை எட்டிய பின், 2022இல், சோதனை ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பாரிக்கின் ஆய்வகத்துக்கு மாறியது. 75,000ஐ 6.64ஆல் வகுத்தால் முப்பத்தோரு ஆண்டுகளுக்கு ஈடான நாள்கள்தாம் வரும். 1988 முதல் 2022 வரை கழிந்த காலம் அதைவிட மூன்று ஆண்டுகள் கூடுதல். உறைபெட்டியில் குடுவைகள் காத்திருந்த காலமும், ஏதோ தவறு நேர்ந்து பழைய பிரதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்த நாள்களும் அந்த வேறுபாட்டில் அடங்கும்.